‘எங்கட சனத்தைக் குறைக்கிற சட்டமோ?’: ஒரு பழைய மிட்வைஃபின் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்ற ஆக்களுக்கும் விளங்குகிற மாதிரி முதலில் சுருக்கிவிடுகிறேன். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்ற கதை கொழும்பில் திரும்பவும் அடிபடுகிறது. பூநகரிப் பக்கத்தில் உங்கள் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், செயலாளர் என்ற முறையில் நீங்கள் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல எழும்பியிருக்கிறீர்கள். ஒரு ஐயா குறுக்கிட்டு, "அண்டைக்குக் கையிலை குச்சி வைச்சவங்கள், இண்டைக்கு வயித்திலை கை வைக்கப் போறாங்கள். தமிழரைக் குறைக்கிற வேலை இது" என்று சொல்ல, கூட்டம் அதோடு கலைந்துவிட்டது. ஐயா சொன்னது சரியா, இந்த அரசாங்கங்களை நம்பி இப்படியொரு சட்டத்தை ஆதரிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் வன்னியில் முப்பது வருசத்துக்குக் கிட்டக் குடும்பநல மாதாக இருந்து ஓய்வு பெற்றவள். சனம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடும். சட்டம் படித்தவள் இல்லை. வழக்குகளில் சில தரம் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டி வந்ததால் தண்டனைச் சட்டக்கோவையின் நாலைந்து பிரிவுகள் இலக்கத்தோடு பாடம்.

ஐயாவோடு நான் சண்டை பிடிக்கப் போவதில்லை. கையில் குச்சி என்று அவர் சொன்னது வெறும் வதந்தி இல்லை. அதை மழுப்பிக்கொண்டு தொடங்கினால் வன்னியில் ஒருவரும் மிச்சத்தைக் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

2013 ஆகஸ்ட் 31. வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி. மூன்றும் உங்களுக்கு அயலூர்கள். பிள்ளைகளின் நிறை பார்க்க, போசாக்குப் பார்க்க என்று தாய்மாரை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போன இடத்தில் கையில் ஜடேல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜடேல் என்பது நெருப்புக்குச்சி அளவில் இரண்டு மெல்லிய குச்சி. மேல்கையின் உட்புறம் தோலுக்குக் கீழே வைப்பது. ஐந்து வருசத்துக்குக் கரு தங்காது, எடுத்துவிட்டால் பிறகு தங்கும். உள்ளே இருக்கிற மருந்து லெவோநோர்ஜெஸ்ட்ரெல், பார்மசியில் விற்கிற பொஸ்ட்டினோர் குளிசையில் இருக்கிற அதே சாமான். மருந்தில் ஒரு பிழையும் இல்லை. நானே எத்தனையோ தாய்மாருக்கு விளங்கப்படுத்தி அனுப்பி, சந்தோசமாக வைத்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்று நடந்ததுதான் பிழை. மாட்டேன் என்று சொன்னால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்கள் என்று பயந்து கையை நீட்டினோம் என்று அந்தப் பெண்கள் பிறகு சொன்னார்கள். வற்புறுத்தவில்லை, சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்று சுகாதாரத் தரப்பு மறுத்தது. நான் அந்தப் பகுதியில் வேலை செய்யவில்லை, அன்று அங்கே நிற்கவும் இல்லை. ஆனால் ‘சம்மதம்’ என்ற சொல்லின் மேல் எனக்கு அன்றைக்கே ஐயம் வந்தது. யுத்தம் முடிந்து நாலு வருசம்தான். இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் அரிசிக்கு ஒரு கையெழுத்து, பதிவுக்கு ஒரு கையெழுத்து, ஊருக்குத் திரும்ப ஒரு கையெழுத்து, வீட்டுத்திட்டத்துக்கு இன்னொன்று. கடதாசியை நீட்டினால் வாசிக்காமல் வைத்துப் பழகிப்போன கைகள் அவை. அந்தக் கை வைத்த கையெழுத்தைச் சம்மதம் என்று கொப்பியில் பதிந்துவிடலாம். அவ்வளவுதான்.

இன்னொரு கதையும் இருக்கிறது. மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் வயதான அம்மாமாரோடு கதைத்துப் பாருங்கள். மலையகத்தில் இருந்து கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய ஆக்கள். தோட்டத்தில் பிள்ளைப்பேற்றை நிறுத்த ஒப்பரேஷன் செய்தால் காசு கொடுத்த காலத்தை அவர்கள் சொல்லுவார்கள். நாட் கூலிக்குக் கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்தக் காசு சின்னக் காசில்லை. "கேட்டுத்தான் செஞ்சாங்க மிஸ், ஆனா காசத்தான் காட்டுனாங்க" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னா. அந்த அம்மாவின் பேத்திக்கு நான் கருத்தடை ஊசி பற்றி விளங்கப்படுத்தப் போனபோது அவ வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றா. அந்த மறிப்பை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதோடு 2020 மார்ச் தொடங்கி 2021 பெப்ரவரி வரைக்கும் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே தீர வேண்டும் என்று நின்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்ல, இங்கே நிபுணர் குழு என்ற பெயரில் மறுத்தார்கள். முஸ்லிம் சனத்தின் சாவையே தண்டனையாக்கின வேலை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்தது எரித்ததுதான்.

ஆக, சுகாதாரம் என்ற பெயரில் இந்த நாட்டில் சிறுபான்மைச் சனத்தின் உடம்பில் அரசாங்கம் கைவைத்திருக்கிறது என்று ஐயா சொன்னால், நான் ஓம் என்றுதான் சொல்லுவேன்.

ஆனால் ஐயா சொன்ன அதே வசனத்தை நாங்கள் சிங்களத்திலும் கேட்டிருக்கிறோம், அதை மறக்கக் கூடாது. 2018 பெப்ரவரிக் கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டிக்குள் மலட்டுக் குளிசை போட்டார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பார்த்துச் சொன்னது, அது மாக்கட்டி என்று. சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்குகிற குளிசை உலகத்திலேயே இல்லை. அடுத்த வருசம், 2019 மே மாதம், குருநாகல் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை முன்பக்கத்தில் போட்டது. மனிசனைப் பிடித்து அடைத்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்ததில் ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார் என்று வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

வேரவிலில் நடந்தது வேறு, குருநாகலில் சொன்னது வேறு. ஒன்றில் நாள் இருக்கிறது, ஊர் இருக்கிறது, மருந்துக்குப் பெயர் இருக்கிறது, தழும்போடு நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். மற்றதில் எண்ணிக்கை மட்டும் இருந்தது. எந்தக் கதை வந்தாலும் நான் கேட்கிறது இதைத்தான்: எந்த நாள், எந்த ஊர், என்ன மருந்து, யாருக்கு? பதில் இல்லாத கதையைத் தமிழில் சொன்னாலும் சிங்களத்தில் சொன்னாலும் அது கொத்துரொட்டிக் கதைதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இப்போதுள்ள சட்டமே தெரியாது என்று நினைக்கிறேன். இந்திய முகாம்களில் இருந்து திரும்பி வந்த பிள்ளைகள் சிலர், அங்கே ஆஸ்பத்திரியில் செய்கிறது மாதிரி இங்கேயும் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். இரண்டு நாட்டுத் தண்டனைச் சட்டமும் வெள்ளைக்காரன் ஒரே அச்சில் வார்த்தது. இந்தியா 1971இல் தனிச் சட்டம் போட்டுப் பல காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதித்தது, 2021இல் இன்னும் விரித்தது. எங்களுடையது 1883இல் வார்த்தபடியே கிடக்கிறது.

303ஆம் பிரிவு சொல்வது: தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தாலன்றி, கருவைக் கலைத்தால் மூன்று வருசம் வரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருசம் வரை. தனக்குத் தானே செய்துகொள்கிற பெண்ணும் இதற்குள் வருவாள். பெண்ணின் சம்மதமில்லாமல் செய்தால் 304ஆம் பிரிவு, 20 வருசம் வரை. வன்புணர்வில் தங்கிய கருவா, அப்பனோ மாமனோ செய்ததா, பதினாலு வயதுப் பிள்ளையா என்ற கேள்வியொன்றும் அதில் இல்லை.

1995இல் தண்டனைச் சட்டக்கோவையைப் பெரிதாகத் திருத்தினார்கள். ஜீ.எல். பீரிஸ் நீதி அமைச்சர். வன்புணர்வு, முறைதகாப் புணர்ச்சி (நெருங்கிய இரத்த உறவுக்காரன் செய்வது), கருவின் பாரிய குறைபாடு ஆகியவற்றுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கிற வாசகமும் அந்தச் சட்டமூலத்தில் இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு வர, அந்த வாசகத்தை மட்டும் கழற்றிவிட்டு மிச்சத்தை நிறைவேற்றினார்கள். அந்த மிச்சத்தில்தான் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு உறவு கொண்டால், பிள்ளை சம்மதித்திருந்தாலும், அது வன்புணர்வு என்று வந்தது. யோசித்துப் பாருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நடந்தது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் குற்றத்தில் தங்கியதை அவள் பெற்றே தீர வேண்டும் என்றும் அதே சட்டக்கோவை சொல்கிறது.

2013இல் சட்ட ஆணைக்குழு திரும்பப் பரிந்துரைத்தது. 2017இல் நீதியரசர் அலுவிஹாரே தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு, வன்புணர்வு, முறைதகாப் புணர்ச்சி, 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கர்ப்பம், கருவின் பாரிய குறைபாடு என்று எண்ணி எடுத்த சில காரணங்களுக்கு மட்டும் அனுமதிக்க அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்க ஆயர் பேரவை கடுமையாக எதிர்த்தது. விசயம் அப்படியே கிடப்பில் போனது. விரும்பியவர் விரும்பிய நேரம் செய்யலாம் என்று இந்த முன்மொழிவு ஒன்றிலும் இருக்கவில்லை. உங்கள் கரையோரம் கத்தோலிக்க ஊர்கள் நிறைய, சுவாமியார் பிரசங்கத்தில் இதைப் பற்றிச் சொல்லியிருப்பார். உயிர் கருவிலேயே தொடங்குகிறது என்று நம்புகிறவரோடு நான் தர்க்கம் பண்ண வரவில்லை. அவர் அதை நம்பலாம், தன் வீட்டில் அதன்படி நடக்கலாம். நான் மதிக்கிறேன்.

அதே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தகரக் கொட்டிலில் குந்தியிருந்தார்கள். அமைச்சரவை இந்த முன்மொழிவுக்கு இணங்கிய செய்தி வந்தபோதும் அவர்கள் அங்கேதான். பிள்ளை எங்கே என்று கேட்டால் பதில் சொல்லாத அரசாங்கம், பிள்ளை பெறுவதைப் பற்றிச் சட்டம் போட வருகிறது என்றால் எங்கட சனத்துக்கு எப்படி இருந்திருக்கும்? நம்பிக்கை பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் ஒரு பந்தி எழுதுவதை விட, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் வேலையில் அப்போது ஒரு பெரிய பதிவேடு இருந்தது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று பெயர். என் பிரிவில் பிள்ளை பெறுகிற வயதில் உள்ள தம்பதியர் எல்லாரையும் வீடு வீடாகப் போய் அதில் எழுத வேண்டும். என்ன முறை பாவிக்கிறார்கள், பாவிக்காவிட்டால் ஏன் என்று. 2010 கடைசியில் மீள்குடியேறின ஊரொன்றில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து எழுதிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை, இருபத்தெட்டு வயது இருக்கும், மடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று. புருசனின் பெயர் என்ன என்று கேட்டேன், சொன்னாள். எங்கே என்று கேட்டேன். "வட்டுவாகலிலை குடுத்தனான் மிஸ்" என்றாள். யுத்தம் முடிந்த நாட்களில் சனம் தங்கள் ஆக்களை இராணுவத்திடம் ஒப்படைத்த இடம் அது. பேனை அப்படியே நின்றுவிட்டது. இவள் தம்பதியா? தகுதியுள்ள தம்பதியா? விதவை என்று எழுதினால் அவன் செத்துவிட்டான் என்று நான் அரசாங்கத்துக்காகக் கையெழுத்து வைத்த மாதிரி. தம்பதி என்று எழுதினால் அடுத்த கட்டத்தில் கருத்தடை முறை என்ன என்று கேட்க வேண்டும். கடைசியில் பென்சிலால் எழுதினேன். அந்தப் பக்கத்தைப் பார்த்த மேலதிகாரி ஏன் பென்சில் என்று கேட்டபோது, மழைத்துளி பட்டால் மை பரவும் என்று பொய் சொன்னேன்.

அதே பிள்ளை அடுத்த மாதம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மைல் நடந்து தடுப்பூசிக்கு வந்தாள். அரசாங்கம் தந்த ஊசிதான். அரசாங்கம் அனுப்பின பனிப்பெட்டியில் வந்த ஊசிதான். யுத்தகாலம் முழுக்க, புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த வன்னியிலும், எங்கள் சம்பளம் கொழும்பில் இருந்துதான் வந்தது, தடுப்பு மருந்தும் அங்கேயிருந்துதான் வந்தது. பிள்ளைக்கு ஊசி போட மாட்டேன் என்று என் பிரிவில் ஒரு வீடுகூடச் சொன்னதில்லை. சனம் அரசாங்கத்தை நம்பியா வந்தது? இல்லை. பை தூக்கிக்கொண்டு சைக்கிளில் வருகிற பொம்பிளையை நம்பி வந்தது. அவள் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள், கேட்காமல் தொட்டால் அடுத்த முறை கதவு திறக்காது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். 2013இல் அந்த மூன்று ஊரிலும் உடைந்தது இதுதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

இப்போது ஐயாவின் பயத்துக்கு வருகிறேன். அரசாங்கத்தை நம்ப ஏலாது, ஆகவே சட்டத்தைத் தொடாதே என்கிறார். நான் மறுபக்கமாகக் கேட்கிறேன்: இப்போதுள்ள 303ஆம் பிரிவு யாருடைய கையில் இருக்கிறது? பொலிஸின் கையில். அந்தப் பொலிஸை ஐயா நம்புகிறாரா?

யுத்தம் முடிந்து சில வருசத்துக்குப் பிறகு ஒரு தாய். மூன்று பிள்ளைகள். நாலாவது தங்கிவிட்டது, வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை. யாரோ கள்ளமாக விற்ற குளிசையைப் போட்டிருக்கிறாள். இரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். எனக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் நானும் அரசாங்க ஆள்தானே. மூன்றாம் நாள் காய்ச்சல் ஏற, தம்பிக்காரன் மோட்டார்சைக்கிளில் நடுவில் வைத்துக் கட்டாத குறையாகக் கொண்டுபோனான். வார்டில் பிரசர் பார்க்கிறதுக்கு முன்னால் கேட்ட கேள்வி, "யார் செய்தது?" என்பது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், அப்படிக் கேட்காதது எது என்று எனக்குத் தெரியாது. கலைந்த பிறகு வருகிறவளுக்கு வைத்தியம் செய்வது குற்றமே இல்லை, அது கடமை. ஆனால் வாசலில் பொலிஸ் காவலரண் இருக்கிற ஆஸ்பத்திரிக்குள் போகிறவளுக்கு யார் அதைச் சொன்னது? உயிர் தப்பினாள். கிருமி தொற்றியதால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்போது அவளுக்கு வயது 27.

தமிழரைக் குறைக்கிறது பற்றி ஐயா கதைத்தால் இந்தப் பிள்ளையை அவருக்குச் சொல்லுங்கள்.

தொகை பற்றிய பயம் பொய்யென்று நான் சொல்லவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டம் முழுக்க 1 இலட்சத்து 13 ஆயிரம் சொச்சம், முல்லைத்தீவு 92 ஆயிரம் சொச்சம். கொழும்பில் ஒரு மூலைக்குள் அடங்குகிற சனம். கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2024இல் 6. மணலாற்றுப் பக்கம் குடியேற்றத்தில் காணி இழந்தவனிடம் போய் எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொன்னால் அடிக்க வருவான். ஆனால் அந்த எண்ணிக்கை குறைந்தது எதனால் என்று ஐயாவுக்கே தெரியும். சாவு, இடப்பெயர்வு, கனடா, பிரான்ஸ், அவுஸ்திரேலியாப் படகு. இவற்றில் எதைத் தண்டனைச் சட்டக்கோவை தடுத்தது? தடை 1883 முதல் இருக்கிறது. அப்படியிருந்தும் இலங்கை முழுக்க ஒரு நாளைக்கு 600க்கு மேல் கருக்கலைப்பு நடக்கிறது என்ற மதிப்பீடு இருபது வருசத்துக்கு மேலாகச் சொல்லப்படுகிறது. மதிப்பீடுதான், கள்ளமாக நடப்பதை எண்ண ஏலாது. பாதிதான் உண்மை என்றாலும் சட்டம் பிறப்பைக் கூட்டவில்லை என்பது விளங்கும். காசுள்ள வீட்டுப் பிள்ளை கொழும்பில் தனியார் இடமொன்றில் காரியத்தை முடித்துக்கொண்டு திங்கட்கிழமை கந்தோருக்குப் போகிறாள். எங்கட பிள்ளை மூன்றாம் நாள் மோட்டார்சைக்கிளில் போகிறாள். தாய்ச்சாவில் இந்த நாடு நல்ல பெயர் எடுத்த நாடு, ஒரு இலட்சம் பிறப்புக்கு 30 அளவில்தான். அந்த முப்பதுக்குள்ளும் கருக்கலைப்புச் சிக்கல்கள் முன்வரிசைக் காரணமாக இருந்துகொண்டே வந்திருக்கின்றன.

பதினாறு வயதுக்குக் கீழ் என்ற வாசகம் வன்னிக்கு எவ்வளவு கிட்ட என்பதையும் சொல்ல வேண்டும். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினைந்து, பதினாறு வயதில் கட்டிவைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! யுத்தம் முடிந்த பிறகும் சின்னப் பிள்ளைகள் கிளினிக் வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் பள்ளிக்கூட உடுப்போடு ஒருத்தி வந்தாள். வயிற்றுவலி என்றாள். சப்பாத்துக்கு வெள்ளை பூசி, ரையும் சரியாகக் கட்டி. ஐந்து மாதம். சொந்தக்கார ஆள். அதன் பிறகு பொலிஸ், நன்னடத்தைத் திணைக்களம், நீதவான், சட்ட வைத்திய அதிகாரி. பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். எல்லாரும் அவளிடம் ஏதோ ஒன்று கேட்டார்கள். உனக்கு என்ன வேணும் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பிரயோசனமில்லை, சட்டத்தில் அதற்கு இடமில்லை. நானும் கேட்கவில்லை.

வேரவிலில் கையில் குச்சி வைத்த பெண்ணிடமும் கேட்கவில்லை, இந்தப் பிள்ளையிடமும் கேட்கவில்லை. ஒருத்திக்குப் பெறாதே என்றார்கள், மற்றவளுக்குப் பெறு என்றார்கள். எனக்கு இரண்டும் ஒரே கந்தோரில் இருந்து வந்த கடிதம் மாதிரித்தான் தெரிகிறது. அதனால் அரசாங்கத்தை நம்பாதவர்கள்தான் இந்தச் சட்டத்தை வரி வரியாக வாசித்துக் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஆதரிக்கலாமா என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால், ஓம், ஆனால் வாசகத்தைப் பார்த்த பிறகு.

என்ன பார்ப்பது? சட்டமூலம் வர்த்தமானியில் வந்தவுடன் தமிழ்ப் பிரதியை எடுங்கள். கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று வழக்கமாக இருக்கும். ஆகவே சிங்களம் நல்லாய்த் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் வாசியுங்கள், ‘சம்மதம்’ வருகிற இடங்களையாவது. அந்தச் சம்மதம் யாருடையது? பெண்ணுடையதா, புருசனுடையதா, வைத்தியருடையதா? புருசன் கையெழுத்து வேண்டும் என்றிருந்தால் வட்டுவாகலில் கொடுத்தவள் எங்கே போவாள்? வன்புணர்வு என்று நிரூபிக்க முதலில் பொலிஸில் முறைப்பாடு வைக்க வேண்டுமா? வேண்டும் என்றிருந்தால், இராணுவ முகாமுக்கு முன்னால் வீடு இருக்கிறவளுக்கு அந்தச் சட்டம் இல்லாததற்குச் சமன். இரண்டு விசேட வைத்தியர் ஒப்பமிட வேண்டும் என்று எழுதினால் துணுக்காயில் இருந்தும் நெடுங்கேணியில் இருந்தும் அவர்களைத் தேடி எத்தனை பஸ் ஏறுவது? அதற்குள் எத்தனை கிழமை போகும்? கருவுக்கு மண்டையோடே உருவாகவில்லை என்று ஸ்கானில் சொல்லிவிட்டு, பெற்றுப் புதைக்க மட்டும் ஒன்பது மாதம் சுமக்க விட்ட தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒவ்வொரு கிழமையும் கணக்கு.

இதோடு ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: சம்மதமில்லாமல் கருத்தடை செய்வதும் பெயர் சொல்லிக் குற்றமாக வேண்டும். காசு காட்டி, உதவியை நிறுத்துவோம் என்று வெருட்டி, பிள்ளையின் நிறை பார்க்கக் கூப்பிட்டு வாங்குகிற கையெழுத்து சம்மதம் ஆகாது என்று எழுத வேண்டும். இதை வன்னியில் இருந்து கேட்காவிட்டால் கொழும்பில் ஒருவருக்கும் தோன்றாது. இரண்டையும் ஒரே சட்டத்தில் கேட்டால் ஐயாவும் உங்களோடு சேர்ந்து கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நேரமும் குறைவு. இந்த நாட்டில் சட்டமூலம் நிறைவேறிச் சபாநாயகர் ஒப்பமிட்ட பிறகு அதை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த ஏலாது, அரசியலமைப்பின் 80(3) அப்படிச் சொல்கிறது. பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறின கையோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் உண்டு. 2024இல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்தை அப்படிப் போய்த்தான் நிறுத்தினார்கள். பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் வேண்டும், சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்க்கிறவர்களுக்கு இந்த வழி நல்லாய்த் தெரியும். ஆதரிக்கிறவர்களும் திருத்தம் கேட்கிறவர்களும் அதற்கு முதலே கதைத்து முடித்திருக்க வேண்டும். அதனால் சட்டமூலம் வரட்டும் பார்ப்போம் என்று இருக்காமல் இப்போதே கூட்டத்தைத் திரும்பக் கூட்டுங்கள்.

கூட்டத்தைப் பற்றி ஒன்று. ஞாயிறு பின்னேரம் வைத்தால் வருகிறது வேட்டி கட்டின ஆக்கள்தான், பொம்பிளைகள் இரவுச் சமையலுக்கு நிற்பார்கள். வார நாளில் காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வையுங்கள். கிளினிக் கட்டடத்தில் மட்டும் வேண்டாம், 2013இல் கூப்பிட்ட இடமே அதுதானே. முன்பள்ளியில் வைக்கலாம் என்பீர்கள். உங்கள் முன்பள்ளி, பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், ஓடினால் அங்கே ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். கோயில் மடத்துக்குத் துடக்கென்று பாதிப்பேர் வர மாட்டார்கள். சேர்ச் மண்டபத்தில் சுவாமியார் முன்வரிசையில் இருப்பார். அந்தக் கடற்றொழிலாளர் சங்கத்தின் வலை பொத்துகிற கொட்டில் பகலில் சும்மாதானே கிடக்கிறது? பாயைக் கொண்டுபோய் விரியுங்கள். ஐயாவையும் கூப்பிடுங்கள், ஆனால் கடைசியாகக் கதைக்கச் சொல்லுங்கள்.